ஊசியோடு நின்ற வேலைகள்

என் அக்காள் வீட்டுச் சமையலறைக் கதவின் பின்னால் ஓர் ஆணி உண்டு. அதில் ஒரு பெரிய துணிப்பை தொங்கும். நீலகிரி மலைச்சாரலில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த சிற்றூர் அது. மழைக்காலங்களில் மாலை நான்கு மணிக்கே மேகம் இறங்கிச் சன்னலை மறைத்துவிடும். அந்தப் பைக்குள் எப்போது பார்த்தாலும் மூன்று வேலைகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். கம்பளி நூலில் பாதி பின்னிய ஸ்வெட்டர் ஒன்று. மேட்டித் துணியில் சிவப்பு நூலால் குறுக்குத்தையல் போட்ட பீட விரிப்பு ஒன்று. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கென்று தொடங்கியது. தையற்கடையில் வெட்டி ஒதுக்கிய துண்டுகளைப் பொறுக்கி வந்து இணைத்துக்கொண்டிருந்த போர்வை ஒன்று. ஸ்வெட்டர் முடிவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுவான். அதைப் பிரித்து, நூலை நீரில் அலசிச் சுருக்கம் போக உலர்த்தி, சற்றுப் பெரிய அளவில் மீண்டும் தொடங்குவார் அக்காள்.

2007 செப்டம்பரில் சில நாள் ஓய்வுக்காக அங்கே சென்றிருந்தேன். ஞாயிறு திருப்பலியை நிறைவேற்றும்படி அவ்வூர்ப் பங்குத்தந்தை கேட்டுக்கொண்டார். அன்றைய நற்செய்தி லூக்கா 14ஆம் அதிகாரம். கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்க இயலாமற்போன மனிதனின் உவமை. முந்தின இரவுதான் அந்தப் பையைப் பார்த்திருந்தேன். முந்தின ஆண்டு கண்ட அதே விரிப்பு, அதே மூலையில், அதே ஊசியோடு இருந்தது. மறையுரைக்கு உவமை தேடும் குருவுக்குக் கண்ணில் படுவதெல்லாம் உவமையாகிவிடும் என்பதை என் உடன்குருக்கள் அறிவார்கள். ஒன்றை முடிக்காமல் மற்றொன்றைத் தொடங்கும் பழக்கம் ஆன்ம வாழ்வையும் அரித்துவிடும் என்று சற்று நீளமாகவே பேசினேன். யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் ஸ்வெட்டர் என்றேன், விரிப்பு என்றேன். பெண்கள் பக்கத்தில் சிலர் சிரித்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் அக்காள் காப்பி கொண்டுவந்து வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. "தம்பி, அந்தக் கோபுரம் கட்டப் போனவன் அடுப்பிலே பாலை வச்சுட்டுப் போகலையே" என்றார். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார். அப்போது அவருடைய மாமியார் மூன்றாவது ஆண்டாகப் படுத்த படுக்கையாக இருந்தார். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சென்றுவந்தார். நான் சிரித்துச் சமாளித்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்தச் சொல் என்னுள் தங்கிவிட்டது. குருமடத்தில் எங்களுக்குத் திருச்சபை வரலாறு கற்பித்த தந்தையர் பொதுச்சங்கங்களின் ஆண்டுகளைத் தூக்கத்திலும் ஒப்புவிக்கும்படி பழக்கியிருந்தார்கள். நிசேயா 325, கால்செதோன் 451 என்று இன்றும் நாவில் வரும். அச்சங்கங்களில் அமர்ந்திருந்த ஆயர்களின் ஆடைக்கு நூல் நூற்றவர் யார், அதை எந்த வேளையில் நூற்றார் என்று எவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அக்காள் சொன்ன பிறகு, பங்குப்பணியின் இடைவெளிகளில் ஊசிவேலையின் வரலாற்றைப் பற்றிக் கைக்குக் கிடைத்தவற்றைப் படிக்கத் தொடங்கினேன். கிடைத்தவற்றுள் பெரும்பகுதி குளிர்நாடுகளைச் சார்ந்தது. கம்பளியும் போர்வையும் அங்கே அழகுப் பொருள்களாகும் முன் உயிர்காக்கும் பொருள்களாக இருந்தன.

ஒரே வேளையில் இரண்டு மூன்று வேலைகளைக் கையில் வைத்திருப்பதைக் கவனச்சிதறல் என்று நான் எண்ணியிருந்தேன். பழைய வீடுகளின் அமைப்பை அறிந்தபோது அதற்கு வேறு காரணங்கள் புலப்பட்டன. குறுக்குத்தையலுக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசி போட வேண்டும். ஓர் இழை தவறினால் பூவின் இதழ் கோணிவிடும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அது கண்ணைக் கெடுக்கும். பின்னல் வேலையோ கைப்பழக்கத்தில் நடப்பது. பழகிய விரல் கண்ணின் துணையின்றியே கண்ணிகளை எடுத்துவிடும்; கணப்பின் மங்கிய ஒளி போதும், தொட்டிலை ஆட்டிக்கொண்டும் செய்யலாம். ஒட்டுத்துணிப் போர்வைக்கு இரண்டு நிலைகள் உண்டு. துண்டுகளை இணைப்பது மடியில் வைத்துச் செய்யும் வேலை. இணைத்து முடித்த மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சையோ கம்பளியையோ பரப்பி, மூன்றையும் சேர்த்துத் தைப்பதற்குப் பெரிய மரச்சட்டம் வேண்டும். சட்டத்தை விரித்தால் சிறிய வீட்டில் நடக்க இடம் இராது. ஆகவே குளிர்காலத்தில் துண்டுகளை இணைத்துச் சேர்த்து வைப்பதும், வானம் தெளிந்த பருவத்தில் அண்டை வீட்டுப் பெண்களை அழைத்துச் சட்டத்தைச் சுற்றி அமர்ந்து தைப்பதும் அமெரிக்க நாட்டுப்புறங்களில் பரவலான வழக்கமாயின.

இவ்வாறு ஒவ்வொரு வேலைக்கும் தனக்கென ஒரு வெளிச்சமும் இடமும் பருவமும் இருந்தன. வெளிச்சம் மங்கினால் பூத்தையல் உள்ளே போகும், பின்னல் வெளியே வரும். இதில் சோம்பலுக்கு இடமேது? ஆனாலும் இந்த முறையில் எந்த வேலையும் விரைவில் முடியாது என்பதும் உண்மைதான்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 60 பாகை வடக்கே அமைந்த நிலம். நடுக் குளிர்காலத்தில் பகற்பொழுது ஆறு மணி நேரம்கூட நிலைப்பதில்லை. ஆண்கள் கடலில் மீன்பிடித்தனர். வயல், மாடு, விறகுக்குப் பதில் எரிக்கும் கரிமண் கட்டிகள் யாவும் பெண்களின் பொறுப்பு. கரிமண் கூடையை முதுகில் கட்டிச் சுமந்து வரும் பெண்கள் அந்நடையிலேயே பின்னிக்கொண்டு வரும் பழைய ஒளிப்படங்கள் பல உள்ளன. இடுப்பில் ஒரு தோல்வார். அதில் குதிரைமயிர் திணித்த சிறு தோல்பட்டை. அதன் துளைகளுள் ஒன்றில் பின்னல் ஊசியின் ஒரு முனையைச் செருகிவிட்டால், ஊசியைத் தாங்கும் சுமை கைக்குக் குறையும். நடக்கும்போதும் வேலை நடக்கும். அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது வியந்தேன். இரண்டாம் முறை பார்த்தபோது வியப்பு குறைந்து வேறோர் உணர்வு வந்தது. முதுகில் சுமையோடு நடக்கும் வேளையைக்கூட அந்தப் பெண்ணுக்கு வேறு வேலையின்றி விடவில்லை.

அவர்கள் பின்னிய சால்வைகள் பேர்போனவை. அத்தீவுகளின் மெல்லிய சால்வைகள் திருமண மோதிரத்துக்குள் நுழைத்து எடுக்கும் அளவுக்கு நுண்மையானவை என்பர். அவற்றை வாங்கிய வணிகர்கள் பெரும்பாலும் பணம் கொடுக்கவில்லை. தேயிலையும் துணியும் கடைச் சரக்குமாகக் கொடுத்தனர். வீட்டில் மாவு இல்லாத பெண், கூலியாக வந்த தேயிலையை எடுத்துக்கொண்டு அதை மாவுக்கு மாற்றித் தருவார் உண்டா என்று அலைய வேண்டியிருந்தது. இந்த முறையை ஆராய அரசு அமர்த்திய ஆணையத்தின் அறிக்கை 1872இல் வெளியாயிற்று. பின்னல்காரப் பெண்கள் பலர் அதன் முன் வந்து சாட்சி சொன்னார்கள். நீலகிரித் தேயிலையோடு வளர்ந்தவன் நான். தேயிலை ஒரு வீட்டில் பசியின் மாற்றுப்பண்டமாக இருந்த செய்தியைப் படித்த அன்று தேநீர் இறங்கவில்லை.

இனி நம் மறையோடு தொடர்புள்ள ஓர் ஓவியத்தைச் சொல்ல வேண்டும். வடஜெர்மனியில் புக்ஸ்டெஹூடே நகரை அடுத்த பெனடிக்ட் சபைக் கன்னியர் மடத்துக்காக, 1400ஆம் ஆண்டை ஒட்டி, பெர்ட்ராம் என்னும் ஓவியரின் பட்டறையில் ஒரு பீடம் உருவாயிற்று. இன்று அது ஹாம்பர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் பலகைகளுள் ஒன்றில் தூய கன்னி மரியா வீட்டில் அமர்ந்து பின்னிக்கொண்டிருக்கிறார். நான்கு ஊசிகள், அவற்றில் ஒரு சிறு அங்கியின் கழுத்துப் பகுதி. அருகே தரையில் குழந்தை இயேசு புத்தகத்தோடு சாய்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பம்பரமும் கிடக்கிறது. பின்னால் வானதூதர்கள் சிலுவையையும் முள்முடியையும் ஈட்டியையும் ஆணிகளையும் ஏந்தி நிற்கின்றனர். குழந்தை தலையைத் திருப்பி அவர்களைப் பார்க்கிறது.

யோவான் நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில், படைவீரர் சீட்டுப்போட்டு எடுத்த ஆண்டவரின் அங்கி தையல் இல்லாதது என்று கூறப்பட்டிருப்பதை நாம் அறிவோம். நற்செய்தி அதை நெய்தது என்கிறது. ஆனால் பின்னல் பரவிவந்த காலத்தைச் சேர்ந்த ஓவியருக்கு, நான்கு ஊசியில் வட்டமாகப் பின்னினால் தையலே இல்லாத உடை வரும் என்பது கண்ணெதிரே தெரிந்த செய்தி. பதினான்காம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் சிலரும் மரியாவைப் பின்னும் கோலத்தில் தீட்டியுள்ளனர். இறையியலார் அங்கியின் ஒருமையைத் திருச்சபையின் ஒருமைக்கு அடையாளமாக்கி ஏராளமாக எழுதியிருக்கின்றனர். நானும் குருமடத்தில் அதைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றேன். பெர்ட்ராமின் ஓவியத்தில் என் கண் சென்று நிற்பது வேறிடத்தில். அங்கி இன்னும் முடியவில்லை. தூதர்கள் வந்துவிட்டனர், ஊசிகளோ இன்னும் கண்ணிகளில் இருக்கின்றன. அந்தப் பீடத்தின் முன் நாள்தோறும் செபித்த கன்னியருக்கு, மணி அடித்தவுடன் கைவேலையை இருந்தபடியே வைத்துவிட்டு எழுந்து செல்வது பழகிப்போன செயலாயிருந்திருக்கும்.

குறுக்குத்தையலுக்கு வருவோம். தையல் மாதிரித்துணி என்று ஒன்று ஐரோப்பிய வீடுகளில் இருந்தது. அச்சிட்ட மாதிரிநூல்கள் அரிதாயிருந்த காலத்தில், கண்ட பூவையும் கரையையும் எழுத்தையும் ஒரு துணியில் தைத்து வைத்துக்கொண்டு வேண்டும்போது பார்த்துக்கொள்வர். பிற்காலத்தில் அது சிறுமியர் எழுத்தும் தையலும் பயிலும் பாடத்துணியாக மாறிற்று. ஆண்டு குறித்த பிரிட்டானிய மாதிரித்துணிகளுள் மிகப் பழமையானது ஜேன் பாஸ்டாக் என்பவர் 1598இல் தைத்தது. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சியகத்தில் இருக்கிறது. 1596இல் பிறந்த ஆலிஸ் லீ என்னும் குழந்தையின் பிறந்தநாள் குறிப்பு அதில் தைக்கப்பட்டுள்ளது. குழந்தை பிறந்த ஆண்டுக்கும் துணியில் கண்ட ஆண்டுக்கும் இரண்டாண்டு இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். அத்துணியின் மேற்பகுதியில், முதுகில் கோட்டை சுமந்த யானை ஒன்றைத் தைத்துப் பின்னர் பிரித்தெடுத்த தடமும் இருக்கிறது. நூல் போய்விட்டது, ஊசித்துளை நிற்கிறது. ஏன் பிரித்தார் என்பது அவருக்கே வெளிச்சம்.

அதே காட்சியகத்தில் இன்னொரு துணி உண்டு. அதைப் பற்றிப் படித்த நாளை நான் மறப்பதற்கில்லை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஆஷ்பர்ன்ஹாம் என்னும் ஊரில் 1813இல் பிறந்தவர் எலிசபெத் பார்க்கர். ஏழைக் குடும்பம். பதின்மூன்று வயதில் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போனார். அடுத்து வேலைக்குச் சென்ற வீட்டில் கொடுமைப்படுத்தப்பட்டார். மாடிப்படியிலிருந்து தள்ளப்பட்டதையும் தாமே சொல்கிறார். மனம் உடைந்து, தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ளும் எண்ணத்தோடு போராடினார். இவற்றையெல்லாம் 1830ஐ ஒட்டி, வெள்ளை லினன் துணியில் சிவப்புப் பட்டு நூலால், எழுத்து எழுத்தாகக் குறுக்குத்தையலில் தைத்தார். பூ இல்லை, கரை இல்லை, எழுத்து மட்டுமே. தமக்கு எழுத வராது என்று தொடங்கும் அந்தத் துணியில் 46 வரிகள். ஆயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள். ஓர் எழுத்துக்கு எத்தனை சிலுவைத் தையல்கள் வேண்டும் என்பதை ஊசி பிடித்த வாசகியர் கணக்கிட்டுக்கொள்ளலாம். பாவ அறிக்கையும் மன்றாட்டும் மாறி மாறி வருகின்றன. கடைசியில், தம் ஆன்மாவின் கதி என்ன என்று கேட்கும் இடத்தில், வாக்கியம் பாதியில் நிற்கிறது. அதன்கீழே துணி வெறுமையாகக் கிடக்கிறது.

பாவமன்னிப்புத் தொட்டியில் பல்லாண்டு அமர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துபவர்களிடம்தான் குரு மிகக் கவனமாக இருக்க வேண்டும். எலிசபெத்தின் துணியை மட்டும் பார்ப்பவர் அவர் இறந்துவிட்டார் என்றே எண்ணுவார். அவர் இறக்கவில்லை. பின்னாளில் தம் ஊரின் அறப்பள்ளியில் ஆசிரியையானார். 76 வயது வரை வாழ்ந்து 1889இல் காலமானார். துணியை ஏன் முடிக்கவில்லை என்பதற்கு அவர் ஒரு விளக்கமும் விட்டுச்செல்லவில்லை. முடிக்க வேண்டிய தேவை ஒருநாள் நீங்கியிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஓர் ஆறுதல்.

ஒட்டுத்துணிப் போர்வையின் கதை இன்னும் விந்தையானது. இங்கிலாந்தில் பரவிய ஒரு முறைப்படி, காகிதத்தை அறுகோணமாகவோ சாய்சதுரமாகவோ வெட்டி, அதன்மேல் துணித்துண்டைப் போர்த்தி ஓரத்தை மடித்து நூலோட்டுவர். அப்படிப்பட்ட துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்து முடித்த பின், காகிதங்களை உருவிவிடுவர். காகிதம் விலை மிகுந்த காலம் ஆதலால், பழைய கடிதம், கடைச்சீட்டு, பிள்ளைகளின் பாட ஏடு, செய்தித்தாள் எல்லாம் வெட்டுப்பட்டன. முடிந்த போர்வையில் அவை இரா. முடியாமல் நின்ற போர்வையின் பின்பக்கத்தைத் திருப்பினால் அவை அப்படியே இருக்கும். ஒரு கடிதத்தின் பாதி வரி, ஒரு கணக்கின் கூட்டுத்தொகை, ஒரு சிறுவன் கையெழுத்துப் பழகிய எழுத்து. அந்தப் போர்வை எந்த ஆண்டுகளில், எத்தகைய வீட்டில் உருவாயிற்று என்பதை ஆய்வாளர் அக்காகிதங்களிலிருந்தே படித்தறிகின்றனர். முடிக்காமல் விட்டவருக்கு வரலாற்றாசிரியர்கள் நன்றி சொல்ல வேண்டிய இடம் இது.

எலிசபெத் ஃபிரை என்னும் குவேக்கர் சபைப் பெருமாட்டியை நம்மில் பலர் அறிவார்கள். இலண்டன் நியூகேட் சிறையில் பெண் கைதிகளுக்குப் பணியாற்றியவர். நாடு கடத்தப்பட்டு ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் பெண்களுக்கு அவர் அமைத்த சங்கம் ஒரு பை கொடுத்தனுப்பிற்று. நூறு ஊசி, நூல்கள், விரற்பூண், கத்தரிக்கோல் ஆகியவற்றோடு இரண்டு பவுண்டு எடை துண்டுத் துணியும் அதில் இருந்தன. 1841 ஏப்ரலில் ராஜா என்னும் கப்பல் 180 பெண் கைதிகளுடன் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு ஜூலையில் ஹோபார்ட் துறையை அடைந்தது. அந்த மூன்றரை மாதக் கடற்பயணத்தில் அவர்கள் 2,815 துண்டுகளை இணைத்து ஒரு பெரும் போர்வையைச் செய்து முடித்தனர். அதன் அடிப்பகுதியில் நன்றி வாசகம் ஒன்றும் குறுக்குத்தையலில் இருக்கிறது. தேர்ந்த கையும் தேராத கையும் அதில் அடுத்தடுத்துத் தெரிகின்றன. ஸ்காட்லாந்தில் நெடுங்காலம் மறந்து கிடந்த அப்போர்வை 1989இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. மூன்றரை மாதத்தில் இவ்வளவு பெரிய வேலை எப்படி முடிந்தது என்று வியப்பவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும். அந்தப் பெண்களுக்குக் கப்பலில் சமைத்துப் போட வேண்டிய வீடு இல்லை. பலருடைய பிள்ளைகள் கரையில் நின்றுவிட்டார்கள்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்னும் ஆற்றுவளைவில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் செய்த போர்வைகள் 2002இல் கலைக்கூடங்களுக்குச் சென்று உலகப் புகழ் பெற்றன. அவற்றுள் 1942இல் மிசோரி பெட்வே செய்த ஒன்று உண்டு. காலமான தம் கணவரின் உழைப்பு உடைகளை வெட்டி இணைத்தது. வெயிலில் வெளிறிய நீலம். பையைப் பிரித்தெடுத்த இடத்தில் மட்டும் வெளிறாத நீலம். அவரை நினைத்து அதன்கீழே படுத்துறங்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கமாயிருந்தது என அவர் மகள் நினைவுகூர்ந்திருக்கிறார். நாமோ இறந்தவர் உடையை மூன்றாம் நாளே மூட்டை கட்டிவிடுகிறோம்.

வீட்டுத் துணிவேலையை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தியவர்களுள் அமெரிக்க வரலாற்றாசிரியை லாரெல் தாட்சர் அல்ரிக் குறிப்பிடத்தக்கவர். 2001இல் வெளியான ஒரு நூலில், ஒவ்வோர் இயலுக்கும் ஒரு வீட்டுப்பொருளை எடுத்துக்கொண்டு, அதன் வழியே நியூ இங்கிலாந்துப் பகுதியின் வரலாற்றைச் சொல்கிறார்: கூடை, இராட்டை, மேசைவிரிப்பு இப்படி. இறுதியாக அவர் எடுத்துக்கொண்ட பொருள் 1837ஆம் ஆண்டைச் சேர்ந்த, பின்னி முடிக்காத காலுறை ஒன்று. அந்தக் காலத்தில் ஆலைத்துணி வந்துவிட்டது. நூற்பும் நெசவும் வீட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தன. பின்னல் மட்டும் பெண்களின் மடியில் தங்கியது. பின்னல் பொறியை வில்லியம் லீ 1589இலேயே கண்டுபிடித்திருந்தார் என்பதை எண்ணினால், கைப்பின்னல் இத்தனை காலம் நிலைத்ததற்கு விலை மட்டுமே காரணமாயிருக்க முடியாது.

நம் மண்ணிலும் ஊசிவேலைக்கு மறைப்பணியோடு உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மறைப்பணிச் சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்கு ரேந்தைப் பின்னலைக் கற்பித்தார். பெல்ஜியத்திலிருந்து அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்தர் 1897இல் முளகுமூடு வந்து சேர்ந்தார். அவர் தொடங்கிய சபையின் கன்னியரும் ரேந்தை, பூத்தையல் வழியே ஏழைப் பெண்களுக்குப் பிழைப்புக்கு வழி செய்தனர். கூலிக்குச் செய்த அந்த வேலைகள் குறித்த நாளில் முடிந்தாக வேண்டும். அவற்றின் கணக்குகளும் எழுதப்பட்டன. கூலி இல்லாத வேலைக்கு எவரும் கணக்கு எழுதுவதில்லை. என் அக்காள் பயின்றது ஒரு கன்னியர் பள்ளியில்தான். குறுக்குத்தையல் அங்கே கற்றது, பின்னல் அண்டை வீட்டில் கற்றது, ஒட்டுப் போர்வை தாமே கற்றது.

நீதிமொழிகள் நூலின் இறுதி அதிகாரத்தில் வரும் திறமைமிக்க பெண்ணைப் பற்றிக் குடும்ப விழாக்களில் நாங்கள் தவறாமல் மறையுரை ஆற்றுகிறோம். கம்பளியும் சணலும் தேடி உழைப்பவள். இரவிலும் விளக்கு அணையாதவள். அவள் எப்போது உறங்கினாள் என்று ஒருமுறையேனும் நான் கேட்டிருக்க வேண்டும். திருத்தூதர் பணிகள் 9ஆம் அதிகாரத்தில் யாப்பா நகரத்துத் தொற்கா இறந்தபோது, கைம்பெண்கள் அவர் செய்த உடைகளைப் பேதுருவிடம் காட்டி அழுதார்கள். முடிந்த உடைகளைக் காட்டியிருப்பார்கள். அந்த மேலறையின் மூலையில் முடியாதவையும் இருந்திருக்குமே என்று இப்போது தோன்றுகிறது. உயிர்பெற்று எழுந்தவர் முதலில் எதைக் கையில் எடுத்திருப்பார்?

சென்ற ஆண்டு அக்காள் காலமானார். அடக்கத் திருப்பலியை நானே நிறைவேற்றினேன். மறையுரையில் 2007ஆம் ஆண்டின் அந்த ஞாயிற்றைச் சொல்லி, அன்று சிரித்தவர்கள் முன்னிலையில், அக்காளிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பைக் கேட்டேன். அவர்களுள் பலர் வந்திருந்தார்கள். சிலர் வர இயலாத இடத்துக்குப் போய்விட்டார்கள். உயிரோடிருந்தபோது கேட்டிருந்தால் அக்காள் ஒரு சொல்லில் முடித்திருப்பார்.

ஏழாம் நாள் திருப்பலிக்குப் பிறகு அக்காளின் மகள் ஆணியிலிருந்து அந்தப் பையை இறக்கிக் கட்டிலில் கொட்டினாள். ஸ்வெட்டர் இப்போது பேரனின் அளவுக்கு வந்திருந்தது. ஒரு கை மட்டும் இல்லை. போர்வையில் அத்தானின் சட்டைத்துணி, மாமியாரின் சேலைத் துண்டு, நான் குருப்பட்டம் பெற்றபோது பந்தலில் கட்டிய மஞ்சள் துணி ஆகியவற்றை நான் அடையாளம் கண்டேன். பீட விரிப்பில் விண்மீனும் மாட்டுத்தொழுவமும் முடிந்து, இடையர்களுள் ஒருவர் இடுப்புவரை உருவாகியிருந்தார். மலைக்காற்றின் ஈரத்தில் ஊசி துருப்பிடித்து, துணியில் நீளமாக ஒரு பழுப்புக் கோடு விழுந்திருந்தது.

"மாமா, கறையை எடுக்கலாமா, அப்படியே விட்டுட்டு மேலே தைக்கலாமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். எலுமிச்சையும் உப்பும் வைத்துப் பார்க்கலாம் என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார். அதற்குள் உள்ளே குழந்தை அழுதது. அவள் துருப்பிடித்த ஊசியை உருவி எடுத்து, புது ஊசி ஒன்றைக் கோத்து அதே துளையில் செருகி, துணியை மடித்துப் பையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.